சாம்பல் நிறத்தின் அரசியல்: கறுத்த முகங்கள் அச்சேறிய வரலாறு

1994 ஜூன் 27 தேதியிட்ட இரண்டு அமெரிக்க வார இதழ்கள் ஒரே படத்தை அட்டையில் போட்டு வெளிவந்தன. கொலைக் குற்றச்சாட்டில் கைதான அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனை லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை எடுத்த படம் அது. நியூஸ்வீக் அந்தப் படத்தை அப்படியே போட்டது. டைம் இதழோ மாட் மஹூரின் என்ற ஓவியரிடம் அதைக் கொடுத்து மாற்றியது. சிம்ப்சனின் முகம் கறுத்தது, ஓரங்கள் மங்கின, கைதி எண் சிறியதானது. இரண்டு இதழ்களும் கடைகளில் அருகருகே தொங்கியபோது, வழக்கு விசாரணை தொடங்குவதற்கு முன்பே ஒரு அட்டை தீர்ப்பு எழுதிவிட்டது எல்லோருக்கும் தெரிந்தது. கறுப்பின அமைப்புகள் கண்டித்தன. இனவெறி நோக்கம் ஏதுமில்லை என்று டைம் ஆசிரியர் அடுத்த இதழில் விளக்கம் எழுத வேண்டி வந்தது.

ஊடக மாணவர்கள் பலரும் இந்தச் சம்பவத்தைப் படித்திருப்பீர்கள். ‘கணினியில் செய்த மோசடி’ என்று சொல்லிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். நாம் அதற்கு அப்பால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நியூஸ்வீக் படத்தை ‘அப்படியே’ போட்டது என்கிறோமே, அச்சில் ‘அப்படியே’ என்று ஒன்று உண்டா?

இல்லை. தாளில் ஏறும் ஒவ்வொரு படத்திலும் எது கறுப்பு, எது வெள்ளை, நடுச்சாம்பல் எங்கே விழ வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவுக்குத்தான் கான்ட்ராஸ்ட் என்று பெயர். டைம் செய்தது அம்பலமானதற்குக் காரணம், பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அட்டை இருந்தது. ஒப்பிட ஆளில்லாமல் கறுத்துப்போன முகங்கள் ஒன்றரை நூற்றாண்டாக அச்சில் குவிந்து கிடக்கின்றன. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது, துண்டறிக்கையும் சிற்றிதழும் நினைவுமலரும் அச்சிடும் நமக்கு மிகவும் அவசியம்.

இயந்திரத்துக்குச் சாம்பல் தெரியாது

முதலில் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்வோம். அச்சு இயந்திரத்துக்குத் தெரிந்தது இரண்டுதான்: மை உண்டு, மை இல்லை. சாம்பல் என்று ஒரு மையை அது ஊற்றுவதில்லை. நிழற்படத்தில் இருக்கும் நூறு வகைச் சாம்பலை ஒரே கறுப்பு மையால் காட்டுவது எப்படி என்பது 19ஆம் நூற்றாண்டு அச்சாளர்களின் பெரிய சிக்கல். அதற்குக் கிடைத்த விடைதான் ஆஃப்டோன். படத்தை நுண்ணிய கட்டங்கள் கொண்ட திரை வழியாகப் புள்ளிகளாக உடைப்பார்கள். வெளிச்சமான இடத்தில் புள்ளி மிகச் சிறியதாக இருக்கும். இருண்ட இடத்தில் புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சற்றுத் தள்ளிப் பார்க்கும் கண் அதைச் சாம்பல் என்று படித்துக்கொள்ளும்.

1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் நாளிதழில் ஸ்டீபன் ஹோர்கன் இந்த முறையில் ஒரு படத்தை அச்சேற்றினார். நாளிதழ் ஒன்றில் ஆஃப்டோனில் வந்த முதல் நிழற்படமாகப் பொதுவாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தப் படத்தில் இருந்தது அந்நகரத்து ஏழைகளின் குடிசைப் பகுதி. 1882இல் ஜெர்மனியின் கேயார்க் மைசன்பாக் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1890களிலேயே கொல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி இந்தத் தொழிலில் இறங்கி, திரைக்கும் புள்ளிக்கும் உள்ள கணக்கை ஆராய்ந்து இங்கிலாந்தின் பென்ரோஸ் ஆண்டுமலரில் கட்டுரைகள் எழுதினார். இயக்குநர் சத்யஜித் ராயின் தாத்தா அவர். ஆக, இந்த அறிவு நம் நாட்டுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தாளில் விழுந்த மை அப்படியே நிற்காது, பரவும். புள்ளி, போட்ட அளவைவிடப் பெரிதாகும். அச்சகத்தார் இதை டாட் கெயின் என்பார்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் பரவல் குறைவு. செய்தித்தாள் அச்சிடும் நியூஸ்பிரிண்ட் போன்ற உறிஞ்சும் தாளில் மிக அதிகம். அங்கே 50 விழுக்காடு புள்ளியாகப் போட்டது பார்வைக்கு 75 விழுக்காடு போலத் தெரியும்.

இதை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளுத்த முகம் ஒன்றின் நிறப்படிகள் 15 முதல் 40 விழுக்காடு மைக்குள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அச்சானதும் அவை ஏறக்குறைய 27இலிருந்து 65 வரை விரியும். அதாவது 25 படிகள் 38 படிகளாகும். கன்னமும் மூக்கும் உதடும் முன்னைவிடத் தெளிவாகப் பிரிந்து நிற்கும். கறுத்த முகம் ஒன்றின் நிறப்படிகள் 60 முதல் 85 வரை என்று கொள்வோம். அச்சில் அவை 85இலிருந்து 98க்குள் போய் நெருங்கிக்கொள்ளும். அதே 25 படிகள் 13 ஆகச் சுருங்கும். நெற்றி எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கண்ணுக்குக் கீழே இருந்த களைப்பும் உதட்டோரத்துச் சிரிப்பும் மையில் மூழ்கிவிடும்.

ஒரே இயந்திரம், ஒரே மை, ஒரே தாள். ஒருவருடைய முகத்துக்குத் தெளிவைக் கூட்டித் தருகிறது, இன்னொருவருடைய முகத்தை விழுங்குகிறது. இதில் இயந்திரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மை பரவும் என்பது அச்சாளர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். பிளாக் எடுக்கும்போதே அதற்கு ஈடுகட்டும் வழிகளும் தெரியும். யாருடைய முகத்தை மனதில் வைத்து ஈடுகட்டினார்கள் என்பதுதான் நம் கேள்வி.

சிவப்பைக் காணாத தட்டு

அச்சுக்கு முன்பே, படம் எடுக்கும் இடத்திலேயே பாதிச் சிக்கல் தொடங்கிவிட்டது. 1850களிலிருந்து புழங்கிய கொலோடியன் ஈரத்தட்டு நீலம், ஊதா ஒளிக்குத்தான் மசியும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறத்தாழ இருட்டு. பழுப்புத் தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியில் சிவப்பும் மஞ்சளும்தானே மிகுதி? எனவே அந்தத் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுப்பாகவே தட்டில் பதிந்தது. எல்லா நிறங்களுக்கும் மசியும் பேன்குரோமாடிக் தட்டு விற்பனைக்கு வந்தது 1906இல்தான்.

இந்தத் தட்டின் முன்னால்தான் பிரெடரிக் டக்ளஸ் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தார். 1818இல் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பித்து, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரும் பேச்சாளராக உயர்ந்தவர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக நிழற்படம் எடுக்கப்பட்டவர் ஆபிரகாம் லிங்கன் அல்ல, டக்ளஸ்தான் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. எந்தப் படத்திலும் அவர் குழைந்து சிரிப்பதில்லை. நல்ல கோட்டு, நேரான முதுகு, கண்ணில் கடுமை.

அவர் ஏன் இத்தனை முறை போய் உட்கார்ந்தார்? 1849இல் தன் நார்த் ஸ்டார் இதழில் அவரே காரணத்தைச் சொல்லியிருக்கிறார். வெள்ளை ஓவியர்களின் கையில் கறுப்பருக்கு நேர்மையான உருவம் கிடைக்கவே கிடைக்காது, தங்கள் மனதில் இருக்கும் கேலிச்சித்திரத்தைத்தான் அவர்கள் வரைவார்கள் என்பது அவர் வாதம். நிழற்படக் கருவியில் அவர் ஒரு வாய்ப்பைக் கண்டார். 1861இல் பாஸ்டனில் நிழற்படங்களைப் பற்றித் தனியாக ஓர் உரையே நிகழ்த்தினார். தட்டின் குறை அவரைத் தடுக்கவில்லை. நல்ல ஒளியும் பொறுமையான கலைஞரும் அமைந்தால் அந்தத் தட்டிலும் அவர் முகத்தின் ஒவ்வொரு மடிப்பும் விழுந்தது. இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்க்கலாம்.

அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற சொஜர்னர் ட்ரூத் தன் படத்தைச் சிறு அட்டைகளாக அச்சிட்டு விற்று இயக்கத்துக்கும் தன் வாழ்வுக்கும் பணம் திரட்டினார். உடலைக் காப்பாற்ற நிழலை விற்கிறேன் என்ற பொருளில் அந்த அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். ஃபோட்டோவுக்கு நாம் ‘நிழற்படம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரின் முழுப் பொருளையும் அறிந்திருந்தவர் அவர்.

1863இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் எடுக்கப்பட்ட இன்னொரு படம் உண்டு. கார்டன் என்றும் பீட்டர் என்றும் அறியப்படும் அவர், பண்ணையிலிருந்து தப்பி வந்தவர். சட்டையைக் கழற்றி, சாட்டையடித் தழும்புகள் மேடுமேடாக எழுந்த முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார். ஒளியும் நிழலும் ஒவ்வொரு தழும்பையும் பிரித்துக் காட்டுகின்றன. அப்போது ஆஃப்டோன் இல்லை. ஹார்ப்பர்ஸ் வீக்லி 1863 ஜூலை 4 இதழில் அதை மரச்செதுக்குப் படமாக மாற்றித்தான் வெளியிட முடிந்தது. அந்த முதுகில் கான்ட்ராஸ்ட் தவறியிருந்தால் அடிமை முறைக்கு எதிரான ஒரு சாட்சியம் காணாமல் போயிருக்கும்.

டு போய்ஸ் கேட்ட கேள்வி

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் 363 நிழற்படங்களை ஆல்பங்களாகத் தொகுத்து எடுத்துப் போனார். ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பின மக்களின் முகங்கள், வீடுகள், கடைகள், தேவாலயங்கள். அவற்றில் பல, அட்லாண்டாவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் தாமஸ் ஆஸ்க்யூ எடுத்தவை. கறுப்பரைக் குற்றவாளியாகவும் கோமாளியாகவும் மட்டுமே அச்சில் பார்த்துப் பழகிய உலகத்தின் முன்னால், அமைதியாக நேரே பார்க்கும் முகங்களை அவர் வரிசையாக வைத்தார்.

1910இல் அவர் தி கிரைசிஸ் இதழைத் தொடங்கினார். 1916 ஜூலையில் டெக்சாஸ் மாநிலம் வேக்கோவில் நடந்த ஜெஸ்ஸி வாஷிங்டன் படுகொலையைப் பற்றி ஓர் இணைப்பு வெளியிட்டார். ஆயிரக்கணக்கானோர் கூடி வேடிக்கை பார்த்த கொலை அது. உள்ளூர்ப் புகைப்படக்காரர் எடுத்த படங்கள் நினைவுப்பொருள் போல அஞ்சலட்டைகளாக விற்பனையாயின. அதே படங்களைக் கிரைசிஸ் தன் பக்கங்களில் போட்டு, கொலையின் முழு விவரத்தையும் எழுதியது. கொன்றவர்களின் கொண்டாட்டப் படம் கொல்லப்பட்டவர் தரப்புச் சான்றாக மாறியது.

படங்களின் வலிமையை இப்படி அறிந்திருந்த டு போய்ஸ், 1923இல் அதே இதழில் ஒரு கேள்வி எழுப்பினார். நம் இளைஞர்களும் இளம்பெண்களும் ஏன் அதிகமாக நிழற்படத் தொழிலுக்கு வருவதில்லை என்பதே அது. சராசரி வெள்ளைப் புகைப்படக்காரருக்குக் கறுத்த தோலைக் கையாளத் தெரியவில்லை, அதன் நுண்ணிய நிறப்படிகளின் அழகு அவர் கண்ணுக்குப் படுவதில்லை, கற்றுக்கொள்ளும் விருப்பமும் இல்லை, அதனால் படத்தைக் கெடுத்துவிடுகிறார் என்று அவர் குறைபட்டுக்கொண்டார்.

இதில் மூன்று குற்றச்சாட்டுகள் இருப்பதைக் கவனியுங்கள்: தெரியவில்லை, பார்க்கவில்லை, கற்க விரும்பவில்லை. முதலாவதை மன்னிக்கலாம். மூன்றாவதுதான் அரசியல்.

கற்க முடியாத விஷயம் ஒன்றுமில்லை இது. 1940ஐ ஒட்டி ஆன்சல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் சிஸ்டத்தில், முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை பதினொரு படிகள் உண்டு. ஆடம்ஸின் பட்டியலில் வெள்ளையர் தோலுக்கு ஆறாம் படி, கறுத்த தோலுக்கு ஐந்தாம் படி என்று தனித்தனி இடம் இருக்கிறது. நடுச்சாம்பல் என்பதே ஐந்தாம் படிதான். ஆக, அறிவு புத்தகத்தில் இருந்தது. ஆனால் கோடாக் நிறுவனம் நிழற்படங்களைக் கழுவிப் பிரதியெடுக்கும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண் ஒருவரின் படமே இருந்தது. அங்கே வேலை பார்த்த ஷெர்லி என்பவரின் பெயரால் அவற்றை ஷெர்லி கார்டு என்றார்கள். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது விதி. பல நிறத்தவரும் இருக்கும் அட்டை பரவலாக வந்தது 1990களில்தான். மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகே படச்சுருளில் பழுப்பைச் சீராக்க முனைந்தார்கள் என்று அந்நிறுவனத்தில் இருந்தவர்களே ஆய்வாளர் லோர்னா ராத்திடம் கூறியிருக்கிறார்கள். தேக்கு மேசைக்குக் கிடைத்த கவனம் மனித முகத்துக்குக் கிடைக்கவில்லை.

இருட்டு குறை அல்ல

கறுத்த முகம் தெளிவாக வரவில்லை என்றால் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டால் போயிற்று என்று தோன்றும். ஆபத்தான இடம் இதுதான். வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் வெளுக்கும். நிறப்படிகள் பிரிந்துவிடாது. கறுப்பாக அப்பியிருந்தது சாம்பலாக அப்பி நிற்கும். டைம் அட்டை செய்ததன் மறுபக்கம் அது. ஒன்று கறுத்தவரை அச்சமூட்டும் உருவமாக்குகிறது, மற்றது கறுத்தவரை அவராகவே இருக்க விடாமல் செய்கிறது.

இதற்கு மாற்று வழியைக் காட்டியவர் ஹார்லெமில் பிறந்த ராய் டிகராவா. 1955இல் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு அவர் படங்கள் தி ஸ்வீட் ஃபிளைபேப்பர் ஆஃப் லைஃப் என்ற சிறு நூலாக வந்தன. டிகராவா தன் படங்களை வெளுக்க வைக்கவில்லை. ஆழ்ந்த சாம்பலுக்கும் கறுப்புக்கும் நடுவிலேயே எத்தனையோ படிகளைப் பிரித்து அச்செடுத்தார். அந்தப் படங்களில் கறுத்த முகம் கறுத்தே இருக்கிறது, அதன் ஒவ்வொரு வளைவும் தெரிகிறது. கான்ட்ராஸ்ட் என்றால் வெளிச்சம் கூட்டுவது என்று நினைப்பவர்கள் அவர் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அதே 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் ஆகஸ்ட் 28 அன்று கொல்லப்பட்டான். சிதைந்த மகனின் முகத்தை ஊர் பார்க்கட்டும் என்று தாய் மேமி டில் சவப்பெட்டியைத் திறந்து வைத்தார். செப்டம்பர் 15 தேதியிட்ட ஜெட் இதழில் டேவிட் ஜாக்சன் எடுத்த படம் வந்தது. கறுப்பினத்தவர் நடத்திய, கையடக்கமான ஒரு வார இதழ் அது. அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்த ஒரு தலைமுறை குடியுரிமைப் போராட்டத்துக்கு வந்தது. அந்தப் படம் மைத்திட்டாக அச்சாகியிருந்தால் அந்தத் தாய் எடுத்த முடிவின் பாதி வலிமை அச்சகத்திலேயே போயிருக்கும்.

தெளிவு மட்டும் போதாது

இங்கே நாம் எச்சரிக்கையாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒடுக்கப்பட்டோரின் முகம் தெளிவாக அச்சாவதே நீதி ஆகிவிடாது. அரசுகளும் அந்தத் தெளிவை விரும்பியிருக்கின்றன.

1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த தி பீப்பிள் ஆஃப் இந்தியா, இந்திய மக்களைச் சாதி, இனக்குழு மாதிரிகளாகப் பிரித்து நிழற்படங்களாக ஒட்டிவைத்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கருவி வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தவர் அவர். அந்தப் பக்கங்களில் நம் முன்னோர் பலரின் முகங்கள் இருக்கின்றன. படத்தின் கீழே இருப்பதோ பெரும்பாலும் சாதிப் பெயர்தான். அந்த மனிதரின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்தக் கட்டாயமாக்கப்பட்ட பாஸ் புத்தகங்களுக்குப் போலராய்டு நிறுவனத்தின் உடனடிப் படக்கருவி பயன்பட்டது. இதைக் கண்டுபிடித்து 1970இல் எதிர்ப்பைத் தொடங்கியவர்கள் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த கறுப்பினத்தவர் இருவர்: வேதியியலாளர் கரோலின் ஹண்டர், புகைப்படக்காரர் கென் வில்லியம்ஸ். ஹண்டர் வேலை இழந்தார். 1977இல் நிறுவனம் அந்நாட்டிலிருந்து வெளியேறியது. அந்தப் பாஸ் புத்தகத்திலும் முகம் தெளிவாகத்தான் இருந்திருக்க வேண்டும். காவலர் அடையாளம் காண வேண்டுமே!

எனவே நமக்கு இரண்டும் வேண்டும். முகம் தெளிவாக இருக்க வேண்டும், அந்தத் தெளிவை யார், எதற்காக உருவாக்குகிறார்கள் என்பதும் நம் கையில் இருக்க வேண்டும்.

நம் பக்கங்களில்

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினார். நமக்கென்று அச்சு வேண்டும் என்பதை நம் முன்னோடிகள் நூறாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய முகங்கள் இன்று நம் வெளியீடுகளில் எப்படி வருகின்றன? பெரும்பாலும் நகலின் நகலின் நகல். ஒவ்வொரு நகலிலும் இடைச்சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, கடைசியில் கறுப்பு, வெள்ளை இரண்டும்தான் மிஞ்சும். கொல்லப்பட்ட நம் தோழர்களின் நிலை இதைவிட மோசம். பல வேளைகளில் கிடைப்பது வாக்காளர் அட்டைப் படமோ, கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டிய முகமோதான். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவசரத்தில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுகிறோம். அல்லது டிடிபி சென்டரில் பிரைட்னஸை ஏற்றி, ஃபிளெக்ஸில் அவரை வெளுத்த மனிதராக நிறுத்திவிடுகிறோம்.

இனி இப்படிச் செய்யலாம். மூலப்படத்தைத் தேடிப் பிடியுங்கள், நகலை அல்ல. அச்சிடும் அளவிலேயே 300 டிபிஐ இருக்குமாறு ஸ்கேன் செய்யுங்கள். வண்ணப்படத்தைக் கிரேஸ்கேலாக மாற்றும்போது சேனல்களைத் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்புச் சேனல் தோலை வெளுக்க வைத்து வழுவழுப்பாக்கும். நீலச் சேனல் தோலைக் கறுக்க வைக்கும், அந்தக் காலத்து ஈரத்தட்டைப் போல. பெரும்பாலும் பச்சைச் சேனலில்தான் முகத்தின் நுட்பம் நன்றாகத் தங்கியிருக்கும்.

பிரைட்னஸைத் தொடாதீர்கள். கர்வ்ஸைத் திறங்கள். முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, முகம் எந்தப் பகுதியில் விழுகிறது என்று பாருங்கள். அந்தப் பகுதியில் மட்டும் கோடு இன்னும் செங்குத்தாக ஏறும்படி வளையுங்கள். கோடு செங்குத்தாக இருக்கும் இடத்தில் நிறப்படிகள் பிரியும். முகத்தை வெளுக்காமல் திறப்பது இப்படித்தான். நியூஸ்பிரிண்ட் தாள் என்றால் முகத்தின் மிக இருண்ட இடமும் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மீதியை மை தானே நிரப்பிவிடும். பின்புலத்தை வெட்டி வெள்ளையாக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பளீர் வெள்ளைக்கு முன்னால் எந்தக் கறுத்த முகமும் இன்னும் கறுப்பாகவே தெரியும். இடைச்சாம்பல் பின்புலத்தில் அதே முகம் நிமிர்ந்து நிற்கும்.

ஜெராக்ஸ்தான் வழி என்றால் சாம்பலை நம்பாதீர்கள், கோட்டை நம்புங்கள். அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் இதழை வடிவமைத்த எமரி டக்ளஸ், மலிவான தாளுக்கும் அச்சுக்கும் ஏற்றபடி தடித்த கறுப்புக் கோடுகளால் உருவங்களை வரைந்தார். எவ்வளவு மோசமான அச்சிலும் அந்த முகங்கள் நின்றன. 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் தங்களுக்குப் பெயர் எடுத்துக்கொண்டது அந்த இயக்கத்திடமிருந்துதான். பெயரோடு இந்தப் பாடத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் எல்லையை மட்டும் மீறக் கூடாது. வன்கொடுமை நடந்த இடத்தில் உண்மையறியும் குழுவாகப் போய் எடுக்கும் படங்கள் சாட்சியங்கள். அவற்றின் மூலக்கோப்பில் கை வைக்கவே கூடாது. தனியாகப் பாதுகாத்துவிட்டு, அறிக்கையில் அச்சிடும் பிரதியில் மட்டும் படம் முழுமைக்கும் ஒரே சீராகக் கான்ட்ராஸ்ட்டைச் சரிசெய்யுங்கள். காயத்தை மட்டும் கூட்டிக் காட்டுவதோ பின்புலத்தை அழிப்பதோ வேண்டாம். என்ன செய்தோம் என்று அறிக்கையிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். படத்தில் ஒரு சிறு திருத்தத்தைக் காட்டி வழக்கையே பொய் என்று சொல்ல எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் காத்திருப்பார்கள்.

அச்சுக்குப் போகும் முன் அதே தாளில் ஒரு சோதனைப் பிரதி எடுங்கள். கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். நெற்றியும் முடியும் பிரிகின்றனவா? காதின் விளிம்பு தெரிகிறதா? கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கிறதா? படத்தின் கீழே பெயர் இருக்கிறதா? எல்லாம் சரி என்றால், அவரோடு வாழ்ந்தவர்கள் இருந்தால், அந்தப் பிரதியை அவர் வீட்டார் ஒருவரிடம் கொடுங்கள். ‘ஆமாம், இது அவர்தான்’ என்று அவர்கள் சொன்ன பிறகு அச்சை ஓட்டுங்கள்.